பழைய ஸ்பீட்வே பைக்கை ஓட்டி முடித்ததும்

1930இல் வந்து, 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் எசோ, ஜாவா இன்ஜின்கள் இடத்தைப் பிடிக்கும்வரை ஸ்பீட்வே எனும் மண் தடப் பந்தயங்களை ஆண்ட 500 சிசி பிரிட்டிஷ் ஜே.ஏ.பி. இன்ஜின் உங்களிடம் இருந்தால், ஓட்டிய அன்றே அதன் எரிபொருளான மெத்தனாலை டேங்கிலிருந்து முழுக்க வடித்துவிடுங்கள், ஏனென்றால் அது ஈரத்தை இழுத்து கார்புரேட்டரை அரித்துவிடும், நல்ல பழைய கார்புரேட்டர் இன்னொன்று கிடைப்பது எளிதில்லை. கார்புரேட்டரைக் கழற்றி பெட்ரோலால் அலசுங்கள். மெத்தனால் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது, பக்கத்தில் நெருப்பு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஆயில். இந்த இன்ஜினில் ஊற்றும் ஆமணக்கு ஆயில் நாள்பட்டால் பிசினாகிவிடும், இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் தேங்கியதையும் வடியுங்கள். மினரல் ஆயிலுக்கு மாறுவதென்றால் இன்ஜினைப் பிரித்துக் கழுவிய பிறகுதான், இரண்டும் ஒன்றோடொன்று சேராது.

பிரேக்? இந்த பைக்குகளுக்கு அது கிடையாது, தேடாதீர்கள்.