பொடித்த சர்க்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்முறையில் ஒரு கப் சர்க்கரை என்றிருக்க, அதே கப்பில் பொடித்த சர்க்கரையை அளந்து போடுவதுதான் வீட்டு பேக்கிங்கில் அடிக்கடி நேரும் தவறு. ஒரு கப் சாதாரணச் சர்க்கரை ஏறத்தாழ 200 கிராம் இருக்கும்; பொடித்ததோ, துகள்களுக்கிடையே காற்று தங்குவதால், 120 கிராம் அளவில் நின்றுவிடும். சலித்த பிறகு அளந்தால் எடை இன்னும் குறையும் என்பதால், கப்பை நம்பாமல் தராசில் நிறுத்துக்கொள்வதே நல்லது.

எடையைச் சரிசெய்துவிட்டாலும் கேக்கில் சிக்கல் தீர்வதில்லை. வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் படிகங்களின் கூர்முனைகள் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. அவை ஓவனின் சூட்டில் விரிவதும் கேக் உப்பி மெத்தென்று வருவதற்கு ஒரு காரணம். மாவாக அரைபட்ட சர்க்கரையால் அந்த அளவுக்குக் காற்றைச் சேர்க்க முடியாததால், எவ்வளவு நேரம் அடித்தாலும் கேக் சற்று இறுக்கமாகவே அமையும். வாயில் கரையும் வெண்ணெய் பிஸ்கட்டுக்கு இதே குணம் சாதகமாகிவிடுகிறது: மாவு அதிகம் பரவாமல், வெட்டிய வடிவம் கலையாமல் வேகும்.

கடையில் வாங்கும் பொடித்த சர்க்கரையான ஐசிங் சர்க்கரையில், கட்டி தட்டாமலிருக்க, பொதுவாக 3 முதல் 5 சதவீதம் கார்ன்ஃப்ளார் கலந்திருக்கும். அடித்த கிரீம் நீர்விடாமல் நிற்க அது துணைசெய்யும். பாகு காய்ச்சவோ கேரமல் செய்யவோ அதைப் பயன்படுத்தினால் பாகு கலங்கிப்போகும். வீட்டில் அரைத்து வைத்துக்கொள்பவர்கள் 200 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் சேர்க்கலாம். அன்றே தீர்ந்துவிடும் என்றால் அதுவும் வேண்டாம். மிக்ஸி ஜாரில் துளி ஈரம்கூட இருக்கக் கூடாது. அரைத்தவுடன் மூடியைத் திறக்காமல் பொடி அடங்கும்வரை பொறுப்பது, துடைக்கும் வேலையைக் குறைக்கும்.

ஐசிங்குக்குச் சலிக்காமல் போடுவதை மன்னிக்கவே முடியாது. கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டி, கிரீமைப் பிழியும் பைப்பிங் நாசிலின் முனையில் வந்து அடைத்துக்கொள்ளும். கேக்கின் மேல் ஊற்றும் கிளேஸில் திரவத்தை மொத்தமாகச் சேர்ப்பதும் இதற்குக் குறைந்த தவறன்று. 120 கிராம் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி பாலில் தொடங்கி, பிறகு அரைத் தேக்கரண்டியாகச் சேர்க்க வேண்டும், ஏனெனில் களிபோல் இறுகி நிற்கும் கலவை அடுத்த சில துளிகளிலேயே நீர்த்துவிடும். கரண்டியைத் தூக்கினால் பட்டையாக விழுந்து, அந்தத் தடம் சில வினாடிகளில் மறைவதே சரியான பதம்.

அலங்காரத்துக்குத் தூவுபவர்கள் பெரும்பாலும் அவசரத்தில் கெடுத்துக்கொள்கிறார்கள். சூடான கேக்கின் மேல் தூவினால் சர்க்கரை உருகி, ஈரத் திட்டுகளாகிவிடும். முழுவதும் ஆறிய பிறகு, பரிமாறுவதற்குச் சற்று முன் தூவ வேண்டும். பழங்கள் அடுக்கிய டார்ட் போன்றவற்றில் ஆறியிருந்தாலும் ஈரம் மேலேறி வெண்மையைக் கரைத்துவிடும் என்பதால், அவற்றுக்குக் கொழுப்புப் பூச்சுள்ள உருகாத சர்க்கரைப் பொடியை வாங்கிக்கொள்ளலாம்.