தள்ளாட்டம் குறைய மூச்சுத் தசையைப் பழக்குவது எப்படி?

நிரம்பிய குடத்தை இடுப்பில் ஏற்றும்போது மூச்சை ஒரு கணம் பிடித்துக்கொள்கிறோம். யாரும் சொல்லித் தந்ததில்லை, உடம்புக்கே தெரிந்திருக்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் அப்போது கீழ்நோக்கி இறுகுகிறது. வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. முதுகெலும்புக்கு முட்டுக் கொடுத்தது போலாகிறது. இந்தத் தசையின் பின்பக்க நார்கள் இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளிலேயே ஊன்றியிருப்பதால், மூச்சு இழுப்பதோடு நம்மை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையிலும் அதற்குப் பங்கு உண்டு.

1997இல் ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸ், சைமன் கண்டேவியா ஆகியோர் இதை அளந்து காட்டினார்கள். நிற்பவரைச் சட்டென்று கையை உயர்த்தச் சொன்னால், தோள் தசை வேலையைத் தொடங்குவதற்குச் சுமார் 20 மில்லி விநாடி முன்பே உதரவிதானம் சுருங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாலும் விட்டுக்கொண்டிருந்தாலும் இது நடக்கிறது. ஆனால் இரண்டு முதலாளிகளுக்கு வேலை பார்க்கும் தசை இது. மேல்மூச்சு வாங்கும்போது நிமிர்த்தும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது என்று அதே ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள்.

அப்படியானால் மூச்சுத் தசையை வலுவாக்கினால் தள்ளாட்டம் குறையுமா? இங்கிலாந்தின் போர்ன்மத் பல்கலைக்கழகத்தார் 65 வயதைக் கடந்த ஆரோக்கியமானவர்களை 8 வாரம் பயிற்சி செய்ய வைத்து, குறைகிறது என்று 2019இல் எழுதினார்கள். கீழே இருப்பது ஏறக்குறைய அந்தப் பயிற்சிதான், வீட்டுக்கு ஏற்ற வடிவில்.

முதலில் ஒரு தடுப்புக்கோடு. அண்மையில் நெஞ்சிலோ வயிற்றிலோ அறுவை செய்துகொண்டவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தவர்கள், விலா எலும்பு முறிந்தவர்கள், செவிப்பறை கிழிந்தவர்கள், கட்டுக்கடங்காத ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

படி 1: இப்போதைய நிலையை எழுதிவையுங்கள்

ஒரு நோட்டு, கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச், கையில்லாத நாற்காலி ஒன்று போதும். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

சுவரோரமாக வெறுங்காலில் நின்று ஒரு காலைத் தூக்குங்கள். கால் தரையைத் தொடும்வரை எத்தனை விநாடி? இரண்டு காலுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். அடுத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர ஆகும் நேரம். மூன்றாவது, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார ஆகும் நேரம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆகும் முதியவர்கள் விழும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் கணக்கில் கொள்கிறார்கள்.

இந்த மூன்றாவது சோதனையை இன்னொரு முறையும் செய்ய வேண்டும், இம்முறை 100இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே. என் அம்மா 91க்கு வந்ததும் நடு வழியில் நின்றுவிட்டார். “நடக்கச் சொல்கிறாயா, கணக்குப் போடச் சொல்கிறாயா?” என்றார். சோதிப்பதே அதைத்தான். கவனம் வேறெங்கோ இருக்கும்போது உடம்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறதா என்பது அசையாமல் நிற்கும் சோதனையில் தெரியாது.

மறுநாளும் எல்லாவற்றையும் செய்து, இரண்டாம் நாள் எண்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எண்களில் பழக்கமின்மை கலந்திருக்கும்; அவற்றோடு ஒப்பிட்டால் பிறகு வரும் முன்னேற்றம் பொய்யாகப் பெருத்துத் தெரியும்.

படி 2: உதரவிதானத்தைக் கண்டுபிடியுங்கள்

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, ஒரு கையை நெஞ்சிலும் மற்றதைத் தொப்புளுக்கு மேலும் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிற்றின் மேலுள்ள கைதான் முதலில் எழ வேண்டும். இதற்கு மூன்று நான்கு நாள் போதும்.

படி 3: சரியான கருவி

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்டுவைத்த மூன்று பந்துக் கருவி இருக்கிறதே, அது இதற்கு உதவாது. நீளமாக மூச்சை இழுத்து நுரையீரலை விரிக்கப் பழக்குவதற்காக வந்த பொருள் அது. தசைக்கு அதில் சுமை மிகக் குறைவு. தசை வலுவாக எடை வேண்டும், கைக்கு டம்பெல் போல. அதைத் தருவது ஸ்பிரிங் வைத்த வால்வுள்ள உள்மூச்சுப் பயிற்சிக் கருவி. போதுமான அழுத்தத்துடன் இழுத்தால்தான் வால்வு திறக்கும். திருகைத் திருப்பினால் சுமை கூடும். விற்பவர் இரண்டையும் ஒன்று என்பார்; நம்ப வேண்டாம்.

படி 4: முப்பது மூச்சு

ஆய்வில் தந்த அளவு: ஒருவரின் அதிகபட்ச உள்ளிழுப்பு அழுத்தத்தில் பாதி, ஒரு வேளைக்கு 30 மூச்சு, காலையும் மாலையும். அந்த அழுத்தத்தை அளக்கும் மீட்டர் பிசியோதெரபிஸ்டிடம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இப்படிக் கண்டுபிடிக்கலாம்: 30ஐ எட்டும்போது தசை களைத்து, இன்னும் இரண்டு மூன்றுதான் முடியும் என்று தோன்றுகிற இடமே உங்கள் சுமை. இருபதிலேயே மூச்சு முழுதாக வராவிட்டால் திருகைத் தளர்த்துங்கள்.

உட்கார்ந்து, முதுகை நேராக வைத்து, மூக்கை கிளிப்பால் மூடி, வாய்க்குழலை உதடுகளால் இறுக்குங்கள். உள்ளே இழுப்பது வேகமாகவும் பலமாகவும் இருக்கட்டும். வெளியே விடுவது சாவகாசமாக, தானாகப் போகட்டும். அவசரப்பட்டு அடுத்தடுத்து இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும். சுற்றினால் நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். காது வலித்தாலும் நிறுத்துங்கள். தோள்கள் மேலே ஏறுகின்றனவா என்று கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். முடிந்ததும் வாய்க்குழலை வெந்நீரில் கழுவி உலர்த்துங்கள்.

படி 5: அளந்து பாருங்கள்

நான்காம் வாரமும் எட்டாம் வாரமும் அதே தரை, அதே நாற்காலி, அதே நேரம். இளவயதினர் ஒற்றைக் காலில் ஏற்கெனவே சலிக்காமல் நிற்பார்கள். அவர்களுடைய நோட்டில் பெரிய மாற்றத்தைத் தேட வேண்டாம். கால் தசையை வலுவாக்கும் பயிற்சிகளுக்கும் இது மாற்று ஆகாது, அவற்றோடு சேரும்.

எட்டு வாரம் முடிந்த பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தால் வந்த பலன் நிற்கும். எண்கள் அசையவே இல்லையென்றால் முதலில் கருவியின் திருகைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் வாரத்தில் வைத்த இடத்திலேயே இருக்கும்.