சாப்பாடு கொண்டு செல்லப் பழைய சிறிய கார் வாங்குவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தினருக்கான செய்முறை

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ சிறிய அளவில் மெஸ் நடத்துபவருக்கு, வீடுகளுக்கும் கடைகளுக்கும் பார்சல் கொடுக்கும் வரை இருசக்கர வாகனமே போதும். பர்கூர் அல்லது ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மதியச் சாப்பாடோ, கட்டுமானம் நடக்கும் இடத்துக்கு மூன்று வேளைச் சாப்பாடோ ஒப்பந்தமாகக் கிடைக்கும்போதுதான் கார் தேவைப்படுகிறது. புதிய வண்டிக்கு மாதத் தவணை கட்டும் அளவுக்கு அந்த ஒப்பந்தம் நிலைக்குமா என்று தெரியாத தொடக்கக் காலத்தில், பழைய வண்டி வாங்குவதே அறிவுடைய செயல். ஆனால் குடும்பத்துக்குக் கார் பார்ப்பதும் இந்த வேலைக்குக் கார் பார்ப்பதும் ஒன்றல்ல. இங்கே எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும்: உங்கள் பாத்திரம் அதில் நிற்குமா, அந்த வேலைக்கு அதன் ஆவணங்கள் பொருந்துமா.

முதல் படி: பாத்திரத்தை அளந்துகொள்ளுங்கள்

ஒரு நடைக்கு நூறு பேருக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 400 கிராம் சோறு என்றால் 40 கிலோ. சாம்பார், ரசம், மோர் எல்லாம் சேர்த்து 40 லிட்டர். பொரியல், அப்பளம், பாத்திரங்களின் எடை ஆகியவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 110 கிலோ வரும். அது இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்து வருவதற்கு உள்ள எடையைவிடக் குறைவு என்பதால், எந்தச் சிறிய காரும் அதை இழுத்துவிடும். சிக்கல் எடையில் இல்லை. உயரத்திலும், டிக்கி வாயின் அகலத்திலும், தரையிலிருந்து அந்த வாய் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதிலும்தான் இருக்கிறது. 20 லிட்டர் சாம்பார்த் தூக்கை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, டிக்கியின் விளிம்பைத் தாண்டி உள்ளே குனிந்து இறக்குவதை நாளுக்கு இரண்டு வேளை செய்பவருக்கு, ஆறு மாதத்தில் முதுகு பேசத் தொடங்கிவிடும்.

ஆகையால் உங்களிடம் உள்ள மிகப் பெரிய பாத்திரத்தின் உயரத்தையும் விட்டத்தையும் மூடியோடு சேர்த்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டி பார்க்கப் போகும்போது அந்தப் பாத்திரத்தையே கையில் கொண்டு போவது இன்னும் நல்லது. விற்பவர் விநோதமாகப் பார்ப்பார், பார்த்தால் பார்க்கட்டும்.

இரண்டாம் படி: வெள்ளைப் பலகையா, மஞ்சள் பலகையா என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் தாவிச் செல்லும் படி இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான, வெள்ளை நிற எண் பலகை கொண்ட காரில் சாப்பாட்டை ஏற்றிச் செல்வதை யாரும் உடனே நிறுத்திக் கேட்பதில்லை என்பது உண்மைதான். எனினும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(14) பிரிவு, சரக்குக்காகவே கட்டப்படாத வண்டியையும், அது சரக்கு ஏற்றப் பயன்படும்போது சரக்கு வாகனம் என்றே கணக்கில் கொள்கிறது. அதைவிட நேரடியான பாதிப்பு காப்பீட்டில் இருக்கிறது. தனியார் காருக்கான பாலிசியை எடுத்து, 'பயன்பாட்டுக்கான வரம்புகள்' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கு ஓட்டுவதும், மாதிரிப் பொருள்கள் அல்லது சொந்தப் பயண மூட்டைகள் தவிர்த்த சரக்கை ஏற்றுவதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். விபத்து நடந்த இடத்தில் அண்டாவும் சாம்பாரும் சாலையில் கிடக்கும்போது, அது சொந்தப் பயணம் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் வாதிட வழியில்லை.

எனவே ஒப்பந்த அடிப்படையில் தினமும் சாப்பாடு கொண்டு செல்லப் போகிறவர், தொடக்கத்திலேயே மஞ்சள் நிற எண் பலகையோடு சரக்கு வாகனமாகப் பதிவான சிறிய வண்டியைத் தேடுவது நல்லது. மாருதி ஈக்கோவின் கார்கோ வகை இதற்கு எளிதான எடுத்துக்காட்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது என்பதால், பலர் அஞ்சும் அளவுக்கு இதில் அலைச்சல் இல்லை. தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., மட்டும் தவறாமல் எடுக்க வேண்டும். வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது.

வெள்ளைப் பலகைக் காரையே வாங்கிப் பின்சீட்டைக் கழற்றி வைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. சீட்டை மடக்குவது வேறு, கழற்றி வீட்டில் போடுவது வேறு.

மூன்றாம் படி: எந்த வண்டி

ஈக்கோவை முதலில் வைப்பதற்குக் காரணம் அதன் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவும், தாழ்ந்த தட்டையான தளமும்தான். பேருந்து நிலையத்தை ஒட்டிய நெரிசலான சந்தில் நிறுத்தினாலும் கதவைத் திறக்க அடுத்த வண்டிக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. இதன் எஞ்சின் முன்சீட்டுகளுக்கு அடியில் இருப்பதால் வெயில் காலத்தில் சூடு ஏறும் என்பதையும், பின்சக்கர இயக்கம் கொண்டது என்பதால் பின் அச்சில் இரைச்சல் வருகிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆம்னி மலிவாகக் கிடைக்கும், உதிரி பாகமும் எளிதில் கிடைக்கும். ஆனால் அதன் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது. முன்புறத்தில் மோதலைத் தாங்க எதுவும் இல்லாத அந்த வண்டியில், கிரானைட் லாரிகளும் கண்டெய்னர்களும் ஓடும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தினமும் போய்வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊருக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் யோசிக்கலாம்.

எப்போதாவது மட்டும் சாப்பாடு எடுத்துச் செல்பவர், மற்ற நேரத்தில் குடும்பத்துக்கும் வண்டி வேண்டும் என்று கருதினால், 2019 முதல் வந்த வேகன் ஆர் வடிவம் பொருத்தமானது. அதன் டிக்கி 341 லிட்டர் கொள்ளும். ஆல்டோ 800இன் டிக்கி 177 லிட்டர்தான். சி.என்.ஜி. வகையாக இருந்தால் சிலிண்டரே டிக்கியை அடைத்துக்கொள்ளும் என்பதால், கிலோமீட்டர் கணக்கில் மிச்சமாகும் பணம் இடத்தில் போய்விடும். சி.என்.ஜி.தான் வேண்டும் என்பவர்கள், அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சிலிண்டர் அழுத்தச் சோதனை நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய டீசல் வண்டி இந்த வேலைக்கு வேண்டாம். நாளெல்லாம் நாலு கிலோமீட்டர் போய் நிற்கும் ஓட்டத்தில், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் எஞ்சின்களின் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

நான்காம் படி: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்

காலையில் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். கையை பானட்டின் மேல் வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதை மறைக்கிறார்களோ என்று ஐயம் கொள்ளலாம்.

முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. கூலன்ட் வாங்கச் சோம்பி அந்தத் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகள் இங்கே ஏராளம். மூடியின் உட்புறத்திலும் கழுத்திலும் வெள்ளையாகக் காறை படிந்திருந்தால், உள்ளே குழாய்களிலும் அதுவே படிந்திருக்கும். கோடையில் வண்டி சூடேறி நிற்கும். பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிந்த கூலன்ட் இருந்தால், உரிமையாளர் மற்ற வேலைகளையும் ஒழுங்காகச் செய்திருப்பார் என்று ஓரளவு நம்பலாம். கூலன்டில் எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற படிவு திரண்டிருந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். வேறு வண்டி பாருங்கள்.

அடுத்து டிக்கியிலும் பின்புறத் தளத்திலும் உள்ள விரிப்பை உயர்த்திப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே உணவு வேலையிலோ, மீன், பால் வியாபாரத்திலோ ஓடிய வண்டியாக இருந்தால், உப்பும் புளியும் கலந்த நீர் வழிந்து தகடு துருப்பிடித்திருக்கும். மேலே புதிய விரிப்பு பளபளப்பாக இருக்கும். அடியில் ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் பொரிப்பொரியாக உதிரும். மூக்கையும் பயன்படுத்துங்கள், ஊறிப்போன வாடை எந்தச் சர்வீஸிலும் முழுதாகப் போகாது, உங்கள் சோற்றில் அது ஏறும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கட்டை தேயாமல் இருந்தாலும் ஆறேழு ஆண்டு பழைய டயர் என்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். மீட்டரில் உள்ள கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் வழவழப்பு, ஓட்டுநர் சீட்டின் ஓரம் ஆகிய மூன்றும் தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் அதைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஐந்தாம் படி: தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தோடு ஓட்டிப் பாருங்கள்

காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதால் பாதிதான் தெரியும். கொண்டுபோன பாத்திரத்தில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, மூடி, பின்னால் வைத்துக் கட்டுங்கள். இரண்டு பேரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது மூடியைச் சுற்றி எவ்வளவு சிந்துகிறது என்பதே பின்புற ஷாக் அப்சார்பரின் நிலையைச் சொல்லும். ஒருமுறை குதித்து அடங்கினால் சரி. தொடர்ந்து ஆடிக்கொண்டே வந்தால் ஷாக் போய்விட்டது.

பிறகு ஏற்றம் உள்ள சாலைக்குப் போங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓசூர் சாலையில் மேலுமலை ஏற்றம் இருக்கிறது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிரேக்கைச் சோதிக்கத் தொப்பூர்க் கணவாய் இறக்கத்துக்குப் போக வேண்டாம். அங்கே நடக்கும் விபத்துகளை நாம் செய்தித்தாளில் படிப்பதே போதும். ஆளில்லாத சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்திப் பார்த்தாலே, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஆறாம் படி: ஆவணம், பணம், கைமாற்றம்

பேசி முடிப்பதற்கு முன், பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, ஹெச்.பி., அதாவது வண்டியின் மேல் கடன் பதிவு, இருக்கிறதா, எஃப்.சி.யும் காப்பீடும் எந்தத் தேதி வரை, செலுத்தாத அபராதம் ஏதும் உள்ளதா என்று பாருங்கள். கடன் முடிந்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உம் கையில் வர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரின் கையெழுத்து தேவை. தருமபுரியின் டி.என். 29, கிருஷ்ணகிரியின் டி.என். 24, ஓசூரின் டி.என். 70 ஆகிய எண்களில் உள்ள வண்டியாக இருந்தால் அருகிலேயே வேலை முடியும்.

ஓசூர்ப் பக்கம் கர்நாடக எண் கொண்ட வண்டிகள் விலை குறைவாகக் காட்டப்படும். அதற்கு அந்த மாநிலத்தின் தடையின்மைச் சான்று, இங்கே வரி, மறுபதிவு ஆகியவை சேரும்போது மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். சான்று விற்பவர் கையில் ஏற்கெனவே இருந்தால் மட்டும் மேலே பேசுங்கள். "வாங்கித் தருகிறேன்" என்ற வாக்கை நம்பி அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

பணம் முழுவதும் கொடுக்கும் நாளில், வண்டி எந்தத் தேதி, எந்த மணிக்கு உங்கள் கைக்கு வந்தது என்று எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த நேரம் வரை நடந்த விதிமீறல் அவருடையது, அதன் பிறகு நடப்பது உங்களுடையது. காப்பீட்டைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவரின் நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி, அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் சற்றுக் கூடும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய ஃபாஸ்டேகை அவரே முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உங்கள் பெயரில் புதியதை வாங்கி ஒட்டிய பிறகே கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டும் முதல் நடையை வையுங்கள்.