மறைவிடத்தை விட்டு எழுந்திருக்கும்முன்

மறைவிடத்திலிருந்து அணில், பறவை போன்றவற்றைப் படமெடுக்கப் பழகிவரும் இரண்டு இளைஞர்களுடன் அண்மையில் சில காலைப்பொழுதுகள் உட்கார்ந்திருந்தேன். நான் ஆரம்பத்தில் செய்த பிழைகளை அப்படியே அவர்களும் செய்தார்கள். பேட்டரி தீர்வது, மெமரி கார்டை மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தாமாகவே திருந்திவிடும்.

கண் முன்னே வெளியே வருவது

உள்ளே நுழைய எல்லோரும் எவ்வளவோ கவனம் எடுத்துக்கொள்கிறார்கள். விடியுமுன் வந்து, ஜிப்பைக்கூடச் சத்தமில்லாமல் இழுக்கிறார்கள். நல்ல படம் கிடைத்ததும் அதெல்லாம் மறந்துபோய், சட்டென்று எழுந்து வெளியே வந்துவிடுகிறார்கள். எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதைப் பார்த்துத்தான்.

ஒரு தோட்டத்தில் துணிக் கூடாரத்தை அடித்துவிட்டு ஒன்பது நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். பத்தாம் நாள் உள்ளே அமர்ந்தபோது, நான்கு மீட்டர் தொலைவில் நட்டிருந்த கட்டைக்கு ஓர் அணில் வந்தது. பால்காம்புகள் தெரிந்ததால் குட்டிகள் உள்ள தாய் என்று புரிந்தது. நிலக்கடலையை முன்னங்கைகளில் உருட்டி உருட்டித் தோலை உரித்தது. மீசை மயிரில் தோல் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் கால் மரத்துப்போனது. போதுமான படங்கள் கிடைத்துவிட்டன என்று திரையை விலக்கி எழுந்தேன். அணில் நேர் மேலே கிளையில்தான் இருந்தது.

வயிற்றை மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டு ஒரு கணம் உறைந்தது. பிறகு வாலைச் சுண்டிச் சுண்டிக் கத்தத் தொடங்கியது. அருகிலிருந்த பறவைகளும் பறந்துவிட்டன. மறுநாள் நான் உள்ளே இல்லாதபோதும் வெறும் கூடாரத்தைப் பார்த்தே கத்தியது. அதுவரை ஒரு புதரைப்போல இருந்தது, இப்போது மனிதன் புறப்பட்டு வரும் இடமாகிவிட்டது. கூடாரத்தைப் பிரித்து எடுத்தேன். பால் கொடுக்கும் ஒரு தாயை இரை கிடைக்கும் இடத்திலிருந்து விரட்டினோமே என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை.

வழி எளிது. குறித்த நேரத்தில் நண்பர் ஒருவரைக் கூடாரத்தை நோக்கி வெளிப்படையாக நடந்துவரச் சொல்லுங்கள். அவரைக் கண்டு எல்லாம் விலகிய பின் வெளியே வந்து, இருவருமாகப் போய்விடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால், சுற்றிலும் எதுவும் இல்லை என்று உறுதியாகும்வரை உட்கார்ந்திருங்கள், கால் எவ்வளவு வலித்தாலும்.

மூக்கு தெளிவு, கண் மங்கல்

முழுச்சட்டக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 400 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளையின் அளவு எஃப் 5.6, நான்கு மீட்டர் தொலைவு என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். முழு உடலும் வேண்டுமென்றால் அணில் பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுங்கள். கொறிக்கும் அணிலுக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும். தாவும் அணிலுக்கு 1/2000 ஆவது வேண்டும்.

முதுகுப்புறத் திரை

மூடுங்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் உங்கள் நிழலுருவம் அப்படியே வெளியே தெரியும்.

உப்புக் கடலை

இரையாக வைக்க வேண்டாம். பூஞ்சை பிடித்ததும் வேண்டாம்.

கூட்டை மறைக்கும் கிளையை வெட்டுவது

ஒருபோதும் கூடாது. அந்த இலைகள்தான் குஞ்சுகளுக்கு நிழலும், காக்கையிடமிருந்து மறைப்பும். அப்படி எடுக்கப்பட்ட படத்தை நான் பார்க்கவும் விரும்பவில்லை.

திடீரென்று நீளும் லென்ஸ்

நேற்றுவரை வெறுமையாக இருந்த துளையில் இன்று ஒரு கறுப்புக் குழாய் நீண்டு ஆடினால் எந்த உயிரும் மிரளும். முதல் நாளிலிருந்தே அங்கே கறுப்புத் துணி சுற்றிய பாட்டில் ஒன்றைச் செருகி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, தோட்டத்தின் மறுகோடியில் மீண்டும் கூடாரம் அடித்தபோது அப்படித்தான் செய்தேன். ஆறாம் நாள் காலை தூரத்திலிருந்து பார்த்தேன்: ஓர் அணில் அந்தப் பாட்டிலின் மேலேயே உட்கார்ந்து வாலைக் கோதிக்கொண்டிருந்தது.