ஸ்காட்லாந்துக் கரையில் பறவை பார்க்க: கடல் ஏற்ற அட்டவணையைப் பாருங்கள்

ஆகஸ்ட், செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கரைப்பறவைகளைப் படமெடுக்கப் போகிறவர்கள் கடல் ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்க் கரையோரம் தாழ்வாக உட்கார்ந்துவிடுங்கள். அப்புறம் அசையாதீர்கள்.

மான்ட்ரோஸ் பேசின் மாதிரியான கழிமுகங்களில் நீர் வற்றியிருக்கும்போது சேறு கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும், ஆர்க்டிக் பக்கமிருந்து திரும்பி வந்த டன்லின் உள்ளான்களும் பட்டைவால் மூக்கன்களும் அதில் எங்கோ புள்ளிகளாக மேய்ந்துகொண்டிருக்கும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அங்கே போதாது. நீர் ஏற ஏறச் சேறு சுருங்கும். இரை தேடிக்கொண்டே அவை தாமாகவே உங்கள் பக்கம் நடந்து வரும், 300 மிமீ லென்ஸே தாராளம். மாலையில் அமையும் ஏற்றமாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது, கிழக்குக் கரையில் காலை வெயில் பெரும்பாலும் கடல் பக்கமிருந்து முகத்தில்தான் அடிக்கும்.

ஒன்று கவனியுங்கள்: அச்சிட்ட அட்டவணைகள் பல கிரீனிச் நேரத்தில் இருக்கும், கோடையில் அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பதால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றங்களில் சேறு முழுதும் மூழ்கிவிடுவதால் பறவைகள் சீக்கிரமே வேறிடம் பறந்துவிடும், அன்றைக்கு இன்னும் முன்னதாகப் போங்கள். பாஸ் ராக் என்னும் பாறைத் தீவில் இருக்கும் கேனட் கடற்பறவைகளுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை, அவை பாறையில் கூடு கட்டுபவை. பஃபின் என்னும் கடற்பறவைகளோ ஆகஸ்ட் நடுவிலேயே பெரும்பாலும் கடலுக்குப் போயிருக்கும்.