மகளுக்கு எதைக் கடத்துகிறோம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

அவள் தம்பியைத் திட்டும்போது சும்மா காது கொடுத்துக் கேளுங்கள். என் மகள் ஒருநாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு "சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது" என்றாள். அப்படியே நான், எனக்கு முன்னால் என் அம்மா.

சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லோருக்கும் பரிமாறி, மீன் துண்டெல்லாம் தீர்ந்த பிறகு, சட்டியில் ஒட்டிய குழம்பிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து நின்றபடி சாப்பிடுகிறீர்களே, அதை நீங்கள் தியாகம் என்று நினைக்கலாம், அவளோ பொம்பளைக்கு மிச்சம்தான் என்று படித்துக்கொள்கிறாள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. உங்கள் துண்டை முதலிலேயே தட்டில் எடுத்து வைத்து, கூடவே உட்காருங்கள்.

அப்புறம் நிறம். "வெயில்ல போகாதே, கறுத்துடுவே" என்பது நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுங்கள்.

நல்லதும் கூடவே போகும், சரியா? சீட்டுப் பணத்தை அரிசி டப்பாவில் ஒளித்து வைப்பதை அவள் பார்க்கட்டும், எதற்கு என்று கேட்டால் கணக்கோடு சொல்லுங்கள்.

தப்பு உங்கள் மேல் என்றால் அவளிடமே மன்னிப்புக் கேளுங்கள். எனக்கு இதுதான் இன்னும் வரமாட்டேன் என்கிறது, அதற்குப் பதிலாக தோசை ஊற்றிக் கொடுத்துவிடுகிறேன், அம்மாவைப் போலவே.