குமிழ் சுற்றுகிறது, கதவு திறக்கவில்லையா?

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டு பாத்ரூமுக்குள் அம்மா முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். உருண்டைக் குமிழ் நன்றாகத்தான் சுற்றியது, கதவுதான் அசையவில்லை. நான் வெளியே நின்று இன்னும் பலமாகத் திருகிக்கொண்டே இருந்தேன். அதைத்தான் செய்யக்கூடாது.

கதவைப் பிடித்து வைத்திருப்பது குமிழ் இல்லை, கதவின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் நாக்கு. அது நிலையில் அடித்திருக்கும் தகட்டின் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குமிழைத் திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டு சுற்றும், அந்தச் சுற்றல் ஒரு சின்ன உலோகத் துண்டை நகர்த்தும், அது நாக்கின் வாலைப் பிடித்துக் கதவுக்குள் இழுக்கும், கையை எடுத்ததும் ஸ்பிரிங் நாக்கை மறுபடி வெளியே தள்ளிவிடும். அவ்வளவுதான். நாக்கின் ஒரு பக்கம் சரிவாக இருப்பதால்தான் குமிழைத் தொடாமல் கதவைத் தள்ளினாலே அது தானாக உள்ளே போய், ஓட்டை வந்ததும் டக்கென்று விழுகிறது.

எங்கள் வீட்டில் வால் உடைந்து போயிருந்தது. பக்கத்துத் தெரு ஆசாரி வந்து, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விட்டு, நாக்கின் சரிவில் வைத்து அழுத்தினார், திறந்துவிட்டது. கதவு உங்களுக்கு எதிர்ப்புறமாகத் திறக்கும் என்றால் சரிவு உங்கள் பக்கம் இருக்கும், அப்போதுதான் இது நடக்கும். குழந்தை உள்ளே பட்டனை அழுத்திப் பூட்டிக்கொண்டால் இதுகூட வேண்டாம், வெளிக் குமிழின் நடுவில் சின்ன ஓட்டை இருக்கிறதா பாருங்கள், நேரான கம்பியை விட்டுக் குத்தினால் போதும்.

கதவைத் திறந்து வைத்துக் குமிழைத் திருப்பிப் பாருங்கள். நாக்கு முழுதாக உள்ளே போகிறதென்றால் பூட்டில் குறை இல்லை, மழையில் மரம் ஊதியிருக்கும் அல்லது கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கும். நாக்கில் கொஞ்சம் குங்குமம் தடவிக் கதவைச் சாத்தினால் தகட்டில் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும், கீல் ஸ்க்ரூவை முடுக்குங்கள், போதாவிட்டால் ஓட்டையை அரம் போட்டு ராவுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பென்சில் கரியைப் பொடித்துப் போடுவது எவ்வளவோ மேல்.

நாக்கு நகரவே இல்லையா, அப்போது கழற்றத்தான் வேண்டும். உள்பக்கக் குமிழின் கழுத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும், ஆணியால் அழுத்திக்கொண்டே இழுத்தால் குமிழ் கையோடு வரும், வட்டத் தகட்டை நெம்பினால் இரண்டு ஸ்க்ரூ, அப்புறம் கதவின் ஓரத்தில் இரண்டு. திரும்ப மாட்டும்போது முதலில் நாக்கை, சரிவு கதவு சாத்தும் திசையைப் பார்க்கும்படி வையுங்கள், அதன் வாலில் மாட்டுகிற மாதிரி குமிழை நுழையுங்கள். கதவைச் சாத்தாமலேயே பத்து முறை திருப்பிப் பாருங்கள்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் உருண்டைக் குமிழே வேண்டாம் என்பது என் கருத்து. ஈரக் கையில் வழுக்கும், மூட்டு வலியோடு இறுக்கிப் பிடிக்கவும் முடியாது, நீளக் கைப்பிடி என்றால் முழங்கையால்கூட அழுத்தலாம். கனடாவின் வான்கூவர் நகரம் 2014 முதல் புது வீடுகளுக்கு நீளக் கைப்பிடிதான் வேண்டும் என்று விதியே போட்டது. மாற்றுவதென்றால் கதவின் ஓரத்திலிருந்து குமிழின் நடு வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், பெரும்பாலும் 60 அல்லது 70 மி.மீ. இருக்கும், அளவு மாறினால் பழைய ஓட்டையில் உட்காராது.